ரிபன் கட்டிய குப்பி

ஆலங்குடாக் கடற்கரையில் புதிதாகக் கட்டி முடித்திருந்த இறால் நோய் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லாம் தயாராக இருந்தன. எதையும் தொடக் கூடாது என்பது மட்டும்தான் குறை. ஆய்வுகூடக் கதவில் ஒரு சிவப்பு ரிபன். உயிர்க்கலங்கள் வளர்க்கும் அறையில் இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து இறக்கிய திரவ நைதரசன் தாங்கியின் கழுத்தில் மாப்பிள்ளை மாலை மாதிரித் தடித்த ரிபன். கழிப்பறைக் கதவையும் விட்டுவைக்கவில்லை. பிரதம அதிதி வந்து வெட்டும்வரை ஊழியர்கள் அவசரத்துக்குப் பக்கத்து விடுதிக்கு ஓடினார்கள். பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வந்த வெள்ளைக்காரர்கள் வரிசையில் வழிவிட்டு நின்றார்கள். ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன அபிப்பிராயம் உண்டாயிற்று என்று யாரும் விசாரிக்கவில்லை.

பணிப்பாளர் கலாநிதி றஊபின் கொள்கை எளிமையானது. திறந்து வைக்கப்படாத பொருள் இன்னும் உலகத்தில் இல்லை. பாவித்துவிட்டால் பிறகு திறந்து வைக்க முடியாது. ஆகவே நைதரசன் தாங்கிக்கு நைதரசன் நிரப்பவில்லை. நிரப்புவதென்றால் மூடியைத் திறக்க வேண்டும். மூடியைத் திறக்க ரிபனை அவிழ்க்க வேண்டும்.

"தாங்கி ஈக்குது, நைதரசன் இல்லையே சேர்" என்று ஆராய்ச்சி உத்தியோகத்தர் பஹ்மா ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

"பஹ்மா, இப்பவே நிரப்பிட்டா, அவர் வந்து என்னத்தத் தொறக்கிற?" என்றார் றஊப். இதற்குப் பதில் சொல்லப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஒருவரும் கற்பித்திருக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் பெட்டி வந்து சேர்ந்தது.

அந்தப் பெட்டிக்காகப் பஹ்மா பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். புத்தளத்து இறால் பண்ணைகளை வெண்புள்ளி நோய் தாக்கினால், காலையில் துள்ளிய இறால் மறுநாள் கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும். நோயை முந்திப் பிடிக்கும் சோதனைப் பட்டை வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அது வந்து சேரும்போது சோதிக்க இறால் இருக்காது. அவளுடைய வாப்பா ஹாசிமின் மாம்புரிப் பண்ணையிலும் போன பருவம் அதுதான் நடந்தது. பட்டையை இங்கேயே செய்யலாம். அதற்கு நோய்க் கிருமியை இனங்கண்டு பிடிக்கும் பிறபொருளெதிரி வேண்டும். அதைச் சுரக்கும் கலம் வேண்டும்.

அந்தக் கலத்தின் கதை ஒரு கலியாணக் கதை. எலியின் மண்ணீரலில் ஒருவகைக் கலம் உண்டு. எதிரியைக் காட்டிக் கொடுத்தால் அதைப் பிடிக்கப் பிறபொருளெதிரி செய்யும். கெட்டித்தனம் இருக்கிறது, ஆயுள் இல்லை. வெளியே எடுத்தால் சீக்கிரம் செத்துவிடும். புற்றுநோய்க் கலத்துக்கு ஆயுளில் குறைவில்லை, ஆனால் உருப்படியான தொழில் தெரியாது. இரண்டையும் சேர்த்து முடித்து வைத்தால் கிடைப்பதுதான் ஹைபிரிடோமா. சாகாமல் பெருகிக்கொண்டே, ஒரே எதிரியைப் பிடிக்கும் ஒரே வகைப் பிறபொருளெதிரியைச் சுரந்து கொண்டிருக்கும். பஹ்மா இதை விளக்கியபோது கலாநிதி றஊப் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "மேடையில வச்சாத் தெரியுமா?" என்றார்.

அந்தக் கலத்தை அவள் உலகமெல்லாம் தேடினாள். ஒரு கம்பனி பிறபொருளெதிரியை விற்கும், கலத்தை விற்காது. முட்டை தருவோம், கோழி தரமாட்டோம் என்ற மாதிரி. ஓர் ஆய்வுகூடத்தில் கலம் இருந்தது, ஆனால் அதை உண்டாக்கிய மாணவன் வங்கி வேலைக்குப் போய்விட்டான். எந்தப் பெட்டியில் வைத்தான் என்று இப்போது யாருக்கும் தெரியாது. கடைசியில் நெதர்லாந்தில் ஓய்வுபெறப் போகும் ஒரு பேராசிரியர் மனம் இரங்கினார். ஆய்வுகூடத்தை மூடுகிறேன், மிச்சம் இருப்பது இரண்டு குப்பிகள்தான், இரண்டையும் உனக்கே அனுப்புகிறேன், இவை போனால் வேறு இல்லை என்று எழுதினார். கலங்கள் நிலையத்தின் வளவை விட்டு வெளியே போகா என்று ஒரு பத்திரத்தில் பஹ்மா கையொப்பமும் வைத்தாள்.

பால் கொள்கலன் மாதிரி இருந்த அந்தப் பெட்டிக்குள் குளிர் அடைத்து அனுப்பியிருந்தார்கள். குளிர் என்றால் ஐஸ் குளிர் அல்ல. விரலை வைத்தால் விரல் திரும்பி வராத குளிர். அது கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். அதில் பெரும்பகுதியை விமான நிலையத்திலேயே தின்றுவிட்டார்கள். உள்ளே இருப்பது மருந்தா, மிருகமா என்று அதிகாரிகளுக்கு முடிவு எடுக்க முடியவில்லை. எலியின் கலம் என்றதும் ஒருவர் கூடு எங்கே என்று கேட்டார். பெட்டி ஆலங்குடா வரும்போது மூடியில் இருந்த குளிர்மானியின் இலக்கம் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது.

பஹ்மா பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பணிப்பாளரின் அறைக்கு ஓடினாள்.

"சேர், தாங்கிய நிரப்பணும். குளிர் முடிஞ்சா கலமெல்லாம் மௌத்தாப் போயிரும்."

றஊப் எழுந்து பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அவருடைய முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ்! என்ன பொருத்தமா வந்து சேர்ந்திருக்கு. மாக்கிறட்! ரிபன் கொண்டு வாங்க!"

மாக்கிறட் அலுவலகத்து எழுதுநர். எழுதும் வேலை குறைவாக இருந்ததால், ரிபன் கட்டும் வேலை முழுக்க அவள் தலையில் விழுந்திருந்தது. அவள் கட்டும் பூ முடிச்சைப் பார்த்துத் திருமண மண்டபக்காரர்களே ஆள் அனுப்பிக் கேட்டதாகப் பேச்சு. அவள் வந்து, பஹ்மாவின் முகத்தைப் பார்க்காமல், பெட்டிக்கும் ஒரு ரிபன் கட்டினாள்.

"நாளைக்குக் காலமதானே விழா" என்று றஊப் ஆறுதல் சொன்னார். "அவர் வெட்டுவார், பெட்டியால புகை வரும், போட்டோ எடுப்பாங்க. பொறகு நீங்க என்ன வேணுமெண்டாலும் செஞ்சுகொள்ளுங்க."

"புகையா?"

"இங்கிலீசுப் படத்துல இப்பிடிப் பெட்டி தொறந்தாப் புகை வருமே மகள். புகை வராட்டி எப்பிடி சயன்ஸ் எண்டு சனம் நம்பும்?"

மறுநாள் காலை பந்தலில் வாழைக் குலை கட்டிக்கொண்டிருக்கும்போது கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. பிரதம அதிதியின் சோதிடர் அன்றைய நேரத்தில் ஏதோ கோளாறு கண்டுபிடித்திருந்தார். விழா அதற்கடுத்த நாளைக்கு. றஊப் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பிரச்சினையே இல்ல, பிரச்சினையே இல்ல" என்றார். பிரச்சினை ஆய்வுகூட வாசலில் நின்று குளிர்மானியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சேர், குளிர் இண்டைக்குப் பின்னேரம்வரை தாங்காது."

"தாங்கும் மகள். தவக்கல் வைங்க, அல்லாஹ் பாத்துக்கொள்ளுவான்."

"அல்லாஹ்வில தவக்கல் ஈக்குது சேர். நைதரசன்தான் இல்ல."

றஊபுக்கு ஒலிவாங்கி பரீட்சை பார்க்க நேரமாகிவிட்டது. அவர் போய்விட்டார். பந்தலிலிருந்து "ஹலோ, ஹலோ, மதிப்பிற்குரிய" என்று அவருடைய குரல் சோளகக் காற்றில் அடிபட்டுக் கேட்டது.

இந்தக் கரையில் திரவ நைதரசன் யாரிடம் இருக்கும்? பஹ்மா ஆஸ்பத்திரியைக் கேட்டாள். இல்லை. மீன் ஏற்றுமதிக் கம்பனியைக் கேட்டாள். இல்லை. அப்போதுதான் மாக்கிறட் கதவோரம் நின்று, "மிஸ், கோவிக்க வேணாம், ஊசி யாகப்புவிட்டக் கேப்பமே?" என்றாள்.

கடமைப் பட்டியலில் அவர் செயற்கை முறைச் சினைப்படுத்தல் தொழினுட்பவியலாளர். அவ்வளவு நீளமான பேரை ஊர் கூப்பிடாது. மாட்டுக்குச் சினை ஊசி போடுபவர், ஊசி யாகப்பு. நல்ல சாதிக் காளைகளின் விந்தை மெல்லிய குழாய்களில் அடைத்து, திரவ நைதரசன் நிறைந்த கானில் தொங்கவிட்டு, மோட்டர் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு அவர் ஊர் ஊராகத் திரிவார். பேசிக்கொண்டே திரிவார்.

அழைத்ததும் வந்துவிட்டார். கானை இறக்கி வைத்து, தலைக்கவசத்தைக் கழற்றாமலே நிலையத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"இவ்வளவு பெரிய கட்டிடம் கட்டி, கடைசியில என்ட கானுக்குத்தான் வந்திருக்கிறீங்க, என்ன மிஸ்?"

"யாகப்பு அண்ண, கெஞ்சிக் கேக்கிறன். ரெண்டே ரெண்டு குப்பி. நாளைக்கு விழா முடியும்வரை இந்தக் கான இங்க வச்சிட்டுப் போங்க."

"ஐயோ, அது ஏலாது. நாளைக்குக் காலமை கனமூலையில ஃபைஸல் நானாட மாட்டுக்குப் போகணும். மாடு பிரதம அதிதி மாதிரி இல்ல மிஸ், அதுக்கு நேரம் வந்தா வந்ததுதான், மாத்திக் குடுக்காது. குப்பியத் தாங்க, என்னோட வரட்டும்."

"எதுக்குள்ள?"

"இந்தக் கானுக்குள்ளதான். அவங்களுக்கும் துணை இருக்கும்."

பஹ்மாவுக்குப் பத்திரம் ஞாபகம் வந்தது. வளவை விட்டு வெளியே போகா. அந்தப் பேராசிரியர் எந்தக் கனவிலும் கனமூலை ஃபைஸல் நானாவின் பசுவைக் கண்டிருக்கமாட்டார். பந்தலில் றஊப், "இன்று எமது நிலையம் சர்வதேசத் தரத்தை எட்டி" என்று பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். குளிர்மானியின் இலக்கம் இன்னொரு படி ஏறியது.

"மாக்கிறட், அவிழுங்க" என்றாள் பஹ்மா.

மாக்கிறட் பெட்டியின் ரிபனை அவிழ்த்தாள். பஹ்மா இடுக்கியால் இரண்டு குப்பிகளையும் தூக்கி, ஒரு கண்ணிமைப்பில் கானுக்குள் தொங்கிய வெற்றுக் கிண்ணம் ஒன்றில் போட்டு இறக்கினாள். வெண்புகை அவர்களுடைய காலைச் சுற்றி ஓடியது. றஊப் இருந்திருந்தால் அழுதிருப்பார்.

"எந்தக் கிண்ணம் எண்டு மாறிடக் கூடாது அண்ண. இதத் தூக்கவே கூடாது. கழுத்துக்கு மேல வந்தா முடிஞ்சிது."

"அடையாளம் ஒண்டு வைங்க" என்றார் யாகப்பு.

மாக்கிறட் ரிபன் துண்டொன்றைக் கிழித்து அந்தக் கிண்ணத்தின் கைபிடியில் கட்டினாள். பழக்க தோஷம், அங்கேயும் அழகான பூ முடிச்சு விழுந்தது. பிறகு வெறும் பெட்டியை மூடி முன்போலவே ரிபன் கட்டினாள். யாகப்பு போகும்போது, "மிஸ், இந்த எலிக் கலம் என்ட ஜேர்சிக் காளையோட சேந்து ஏதும் ஆகாதே?" என்று கேட்டார். ஆகாது என்றாள். அவருடைய முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது.

விழா நாள் சோளகம் முழுப் பலத்தோடு வீசியது. 'அன்புடன் வரவேற்கிறோம்' பதாகை கிழிந்து, 'அன்புடன்' மட்டும் மிஞ்சியது; மற்றது கடல் பக்கம் போனது. குறித்த நேரம் கடந்து, அந்த நேரத்துக்குக் கொடுத்த சலுகையும் கடந்தபின் பிரதம அதிதி வந்து இறங்கினார். சிலாபம் பக்கத்து மனிதர். சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் கதைப்பார். வந்ததிலிருந்து வெட்டினார். வாசல் ரிபன், ஆய்வுகூட ரிபன், வளர்ப்பறை ரிபன், தாங்கி ரிபன். கழிப்பறை ரிபனை வெட்டும்போது ஊழியர்கள் தட்டிய கைதட்டலில்தான் உண்மையான உணர்ச்சி இருந்தது.

கடைசியாகப் பெட்டி. மேடையில் கம்பளம் விரித்து வைத்திருந்தார்கள். ரிபன் விழுந்தது, மூடி திறந்தது, புகை வந்தது. பஹ்மா திடுக்கிட்டு மாக்கிறட்டைப் பார்த்தாள்.

"மீன் கம்பனியில காய்ஞ்ச ஐஸ் கொஞ்சம் வாங்கிப் போட்டன் மிஸ்" என்று மாக்கிறட் காதோடு சொன்னாள். "பாவம், சேர் ஆசப்பட்டாரே."

புகையோடு சேர்ந்து கணவாய் வாசமும் மேடை முழுக்கப் பரவியது. பிரதம அதிதி மூக்கைச் சுளித்தார்.

"கடல்வாழ் உயிரினங்களுக்கான தொழினுட்பம் அல்லவா" என்று றஊப் ஒலிவாங்கியில் சமாளித்தார். பிறகு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். உள்ளே ஐஸைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு கணம் அவருடைய வாய் திறந்தபடி நின்றது. ஆனால் முப்பது வருடம் மேடையில் நின்ற மனிதர்.

"கௌரவத்துக்குரிய பிரதம அதிதி அவர்களே! இவை மிக மிக நுண்ணிய கலங்கள். பயிற்சி பெற்ற கண்ணுக்கு மாத்திரமே புலப்படும்."

பிரதம அதிதி குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். மேடையிலும் கீழேயும் இருந்த எல்லாரும் அவரையே பார்த்தார்கள். பத்திரிகைக்காரர் கமராவைத் தூக்கினார்.

"ஹரி ஷோக்" என்று சிங்களத்தில் மெச்சினார் பிரதம அதிதி. "நல்லாத் தெரியுது. அசையுது என்ன?"

"அசைகிறது" என்றார் றஊப்.

படம் எடுத்தார்கள். றஊப் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, அது இயங்கிக்கொண்டிருப்பதை மறந்து, பஹ்மாவிடம் பல்லைக் கடித்தபடி, "எங்கடி மகள் அது?" என்றார்.

"கனமூலையில சேர்."

அந்தப் பதிலும் ஒலிபெருக்கியில் போனது. கனமூலைக்காரர் இரண்டு மூன்று பேர் ஊர்ப் பேர் கேட்ட சந்தோஷத்தில் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குள்ளேயே மோட்டர் சைக்கிள் சத்தமும் கேட்டது. விழா முடிந்திருக்கும் என்று நினைத்து, சொன்ன சொல் தவறாமல், யாகப்பு கானோடு வாசலால் நேரே பந்தலுக்குள் வந்து நின்றார்.

யாகப்புவைக் கண்டதும் பிரதம அதிதியின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக வெளிச்சம் வந்தது. அவருக்குச் சிலாபத்தில் மாட்டுப் பண்ணை இருந்தது. அவர் கத்தரிக்கோலும் கையுமாக மேடையால் இறங்கினார். சால்வை போட ஆயத்தமாக நின்றவர்கள் சால்வையோடு பின்னால் ஓடினார்கள்.

"ஊசிக்காரர்தானே? ஜேர்சி இருக்கா? சாஹிவால்?"

"ரெண்டும் இருக்கு சேர். இப்பதான் ஒண்டு போட்டுட்டு வாறன். எப்பிடியான மாடு? நான் என்னத்துக்குச் செல்லுறன் எண்டா, மாட்டப் பாத்துத்தான் காளை. கலியாணம் மாதிரித்தானே."

யாகப்புவுக்கும் தன் பொருளைக் காட்டும் ஆசை உண்டு. கானின் மூடியைத் திறந்தார். உண்மையான புகை எழும்பியது. பிரதம அதிதி குனிந்தார். உள்ளே வரிசையாகக் கைபிடிகள். அவற்றில் ஒன்றில் சிவப்பாக, பூப்போல, மாக்கிறட்டின் முடிச்சு.

இருபது வருட அரசியலில் அவர் ஒரு ரிபனையும் சும்மா விட்டதில்லை. கை தானாகவே போனது. கைபிடியைப் பிடித்துத் தூக்கினார், கத்தரிக்கோல் திறந்தது.

"கை வைக்காதீங்க!"

பஹ்மாவின் குரல் அது. அவளுக்கே அது தன்னுடைய குரல் என்று தெரியவில்லை. மேடையிலிருந்து பாய்ந்து வந்து, பிரதம அதிதியின் மணிக்கட்டைப் பிடித்து, கிண்ணத்தைக் கானுக்குள் அமிழ்த்தினாள். பந்தல் அடங்கியது. 'அன்புடன்' மட்டும் காற்றில் படபடத்தது. கலாநிதி றஊப் தன்னுடைய ஓய்வூதியத்தை மனக்கண்ணால் பார்த்தார்.

"ஏன் மகள்?" என்றார் பிரதம அதிதி. குரலில் இனிப்பு இல்லை. "இதுக்குள்ள அப்பிடி என்ன?"

பஹ்மாவுக்கு மூச்சு வாங்கியது. பொய் ஒன்றும் வாயில் வரவில்லை.

"நீங்க இப்ப மேடையில பாத்தீங்களே சேர், நல்லாத் தெரியுது, அசையுது எண்டு. அதுதான் சேர். அது இதுக்குள்ள ஈக்குது."

பிரதம அதிதி பஹ்மாவைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கமராக்காரரைப் பார்த்தார். வெறும் பெட்டிக்குள் ஒன்றும் இருக்கவில்லை என்றால், அதைப் பார்த்த கண் யாருடையது? கணக்கு அவருக்கு விரைவாகவே விளங்கியது.

"அதுதானே!" என்றார் உரத்து. "நானும் யோசிச்சன், அங்க கொஞ்சம் மங்கலாத் தெரிஞ்சது. பணிப்பாளர் மாத்தயா, பெறுமதியான சாமான இப்பிடி வெயில்ல வச்சிக்கொண்டு என்ன கதை? உடன உள்ள கொண்டு போங்க!"

"அதைத்தான் சேர் நானும் செல்லிக்கொண்டே ஈக்கிறன்" என்றார் றஊப், கண்ணிமைக்காமல்.

கான் உள்ளே போனது. ஆய்வுகூடம் இப்போது திறந்து வைக்கப்பட்டதாகையால் உலகத்தில் இருந்தது, அதைப் பாவிக்கலாம். தாங்கி மட்டும் ரிபன் போயும் வெறுமையாகவே நின்றது. பஹ்மா ஒரு குப்பியை உடனே இளஞ்சூட்டு நீர்த் தொட்டியில் பிடித்து உருக்கினாள். கூடாத நேரத்தில் தூக்கப்பட்ட குப்பி. உயிர் இருக்கிறதா, இல்லையா என்று அதற்குத்தான் தெரியும். போஷணைத் திரவத்தில் விட்டு, வளர்ப்புக் குடுவையை அடைகாப்புப் பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடினாள். மற்றக் குப்பி ரிபனோடு யாகப்புவின் கானிலேயே தங்கியது. பிரதம அதிதி ஜேர்சியைப் பேசி முடிவாக்கிக்கொண்டு, உரை நிகழ்த்தாமலே போய்விட்டார். அதை விழாவின் சிறப்பம்சம் என்று பலரும் சொன்னார்கள்.

பஹ்மா வீட்டுக்குப் போயும் சோறு இறங்கவில்லை. "என்ன மகள், ஆரும் மௌத்தா?" என்று ஹாசிம் கேட்டார். "தெரியா வாப்பா" என்றாள். அவள் கேலிக்குச் சொல்லவில்லை.

அடுத்த சில நாட்கள் குடுவையில் ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. செத்த கலங்களின் குப்பைதான் மிதந்தது. றஊப் அந்தப் பக்கம் வரவில்லை. அவர் பத்திரிகையில் வந்த படத்தைச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தார்: வெறும் பெட்டிக்குள் இரண்டு பெரிய மனிதர்கள் ஆழ்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் படம். யாகப்பு வழியில் பார்க்கும்போதெல்லாம், "எங்கட பிள்ளையள் எப்பிடி மிஸ்?" என்று விசாரித்தார். கனமூலை முழுக்க அவர் அரசாங்கத்தின் இரகசியப் பொருளை ஏற்றித் திரிந்த கதைதான்.

ஒரு காலையில் பஹ்மா குடுவையை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாள். குப்பைக்கு நடுவே, ஒரு மூலையில், உருண்டையாக, ஓரம் மினுங்க, ஒரு சின்னக் கூட்டம். அவற்றில் ஒன்று நடுவில் இடுங்கி, இரண்டாகப் பிரிய ஆயத்தமாக இருந்தது. அவள் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு நுணுக்குக்காட்டியின் விளக்கை அணைத்துவிட்டு மாக்கிறட்டைக் கூப்பிடப் போனாள்.

திரும்பி வந்தபோது கலாநிதி றஊப் நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துக் குனிந்து நின்றார். அவருக்கும் செய்தி போயிருந்தது.

"ஓம், ஓம்" என்றார், தலையை எடுக்காமலே. "நல்லாத் தெரியுது. மாஷா அல்லாஹ், எவ்வளவு கலம்!"

மாக்கிறட் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பஹ்மா பக்கத்தில் போய், மெல்ல விளக்கின் பொத்தானை அழுத்தினாள்.

றஊபின் முதுகு அசையாமல் நின்றது.

"யா அல்லாஹ்" என்றார். அது மேடைக் குரல் அல்ல. "இதுவா மகள்?"

"இதுதான் சேர்."

"உசிரோடயா?"

"உசிரோட."

அவர் வெகுநேரம் எழும்பவே இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார், சின்னப் பிள்ளை மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல. எழும்பியபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பஹ்மாவுக்கு அவர்மேல் முதல்முறையாக ஒரு சிறு இரக்கம் பிறந்தது.

"பஹ்மா" என்றார். "இதுக்கு... இந்தக் குடுவைக்கு மட்டும்... சின்னதா ஒரு ரிபன்..."

பஹ்மா குடுவையை எடுத்து அடைகாப்புப் பெட்டிக்குள் வைத்து, கதவை மூடிப் பூட்டி, திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.